கறுப்புப் பெட்டி, வெள்ளைப் பெட்டி

ஒரு வீட்டில் இரண்டு ரவுட்டர் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதுதான் என் பிழைப்பு. தாராளமாக வைக்கலாம். கம்பெனி கொடுத்த பெட்டிக்குப் பின்னால் உங்கள் சொந்தப் பெட்டியை மாட்டிக்கொள்ளுங்கள், ஆனால் மறக்காமல் எங்கள் பெட்டியின் வைஃபையை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரே கூரைக்குக் கீழே இரண்டு வீடு நடக்கும் என்று நாள் முழுக்க ஹெட்செட்டில் சொல்கிறேன். "சரிங்க மேடம்" என்பார்கள். செய்ய மாட்டார்கள். மறுநாள் கூப்பிட்டு, பிரிண்டரைக் காணோம், டிவியைக் காணோம் என்று என்னைத் திட்டுவார்கள். ஒருவரிடம் பெட்டியை ஆஃப் பண்ணுங்கள் என்றேன். ஃப்ரிட்ஜை ஆஃப் பண்ணிவிட்டு, ஐஸ்கிரீம் உருகியதற்கு யார் பொறுப்பு என்று கேட்டார்.

அப்படி எல்லாருக்கும் சொல்கிற நான் என் வீட்டில் அதைச் செய்யவில்லை.

வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கென்று தனி ரவுட்டர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று டீம் லீடர் திடீரென்று உத்தரவு போட்டார். வாடிக்கையாளர் விவரமெல்லாம் வீட்டு டிவியோடு சேர்ந்து உட்காரக் கூடாதாம். நானும் வெள்ளையாக ஒன்று வாங்கினேன். ஹாலில் இருக்கும் கம்பெனியின் கறுப்புப் பெட்டியிலிருந்து சுவரோரமாக ஒயரை இழுத்து, படுக்கையறை மூலையில் என் வேலை மேஜை மேல் வைத்தேன். கடைசியாகக் கறுப்புப் பெட்டியின் வைஃபையை அணைக்கப் போனேன். கை வரவில்லை. ஹால் அலமாரி மேல் இருக்கும் கேமரா அந்த வைஃபையில்தான் இருந்தது, அணைத்தால் அதுவும் போய்விடும். பெட்டிக்கும் கேமராவுக்கும் பாஸ்வேர்டு வைத்தவள் என் மகள். யாருக்கும் சொல்லாமல் வைத்தாள். இனிமேல் அவளிடம் கேட்கவும் முடியாது.

குட்டி என்றுதான் அவளைக் கூப்பிடுவோம். பன்னிரண்டு வயது, வாய் மட்டும் என்னுடையது. அவள் பள்ளியிலிருந்து வரும் நேரத்தில் நான் யாரிடமாவது போனில் மாட்டிக்கொண்டிருப்பேன், எழுந்து போய்ப் பார்க்க முடியாது. அதற்காக அடம்பிடித்து அந்த மலிவுக் கேமராவை வாங்க வைத்து, தானே மாட்டி, என் போனிலும் போட்டுக் கொடுத்தாள். வீட்டுக்குள் இருந்தால்தான் அது தெரியும், வாசலைத் தாண்டினால் தெரியாது. வந்ததும் அலமாரியைப் பார்த்துக் கையை ஆட்டுவாள். நான் அதைப் பார்த்துவிட்டு, "சிரமத்துக்கு மன்னிக்கணும் சார்" என்று விட்ட இடத்தில் தொடர்வேன்.

போன வருடம் ஸ்கூட்டரில் இரண்டு பேராகப் போனோம். திருப்பத்தில் ஒரு லாரி. ஒருத்தியாகத் திரும்பி வந்தேன். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை, சொல்லவும் போவதில்லை.

வெள்ளைப் பெட்டியை மாட்டிய அன்று சாயங்காலம் ஒரு மனிதர் என்னைக் கிழி கிழியென்று கிழித்துக்கொண்டிருந்தார். மழை பெய்தால் மட்டும் அவருக்கு நெட் போகிறதாம். நானே மேலே ஏறித் தண்ணீர் ஊற்றுவதாக நினைப்பு. என் வீட்டுக்காரர் வந்துவிட்டாரா, கதவைச் சாத்தினாரா என்று பார்க்க, பழக்க தோஷத்தில் போனை எடுத்துக் கேமராவைத் திறந்தேன். குட்டி போனபிறகு நான் அதைத் தொட்டதே இல்லை.

சோபாவில் நீலப் பை கிடந்தது. ஜிப் திறந்திருந்தது. கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஷூ நேராகவும் ஒரு ஷூ கவிழ்ந்தும் கிடந்தன. அவள் அப்படித்தான் கழற்றுவாள், தினமும் அதற்காகத்தான் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வாள். எதிர்ச்சுவரில், எங்கள் வீட்டில் அவள் படம் மாட்டியிருக்கும் அதே ஆணியில், வேறு ஒரு படம் தொங்கியது. விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். என் படம்.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?" என்றார் மழைக்காரர்.

"இருக்கேன் சார்," என்றேன். அது என் குரல் மாதிரியே இல்லை.

அவரை எப்படிச் சமாளித்து வைத்தேன் என்று எனக்கே தெரியாது. ஹாலுக்கு ஓடினேன். சோபா காலியாக இருந்தது. ஆணியில் குட்டியின் படம்தான் இருந்தது. அறைக்குத் திரும்பிப் போனைப் பார்த்தேன். பை அங்கேயே இருந்தது. அந்தப் பையைத் தள்ளிவிட்டுக் குட்டி உட்கார்ந்தாள். தலைமுடி கோணல்மாணலாகப் பின்னியிருந்தது. ஒரு தட்டை மடியில் வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அலறவில்லை. இந்த வேலையில் இத்தனை வருடம் இருந்துவிட்டு அலறினால் நன்றாக இருக்காது. மற்றவர்களுக்குச் சொல்வதையெல்லாம் எனக்கே செய்து பார்த்தேன். போனை அணைத்துப் போட்டேன். போனைக் கறுப்புப் பெட்டியின் வைஃபைக்கு மாற்றினேன். கேமராவில் எங்கள் ஹால் தெரிந்தது, காலியாக, விளக்குப் போடாமல். திரும்ப வெள்ளைப் பெட்டிக்கு மாற்றினேன். அந்த ஹால் தெரிந்தது, விளக்கு எரிந்தது, குட்டி மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

கறுப்புப் பெட்டியில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியலைத் திறந்தேன். அதைப் பார்ப்பதற்குப் பாஸ்வேர்டு வேண்டாம், மாற்றுவதற்குத்தான் வேண்டும். அப்பா போன். ஹால் கேமரா. குட்டி டேப். அதற்கும் கீழே பெயரில்லாத ஒன்று, அது என் வெள்ளைப் பெட்டி. குட்டியின் டேப்லெட் எங்கள் பீரோவில் அவள் துணிகளுக்கு நடுவே சார்ஜ் செத்துக் கிடக்கிறது. போய் எடுத்துப் பார்த்தேன். செத்துத்தான் கிடந்தது. பட்டியலிலோ அது உயிரோடு ஏதோ வீடியோ இழுத்துக்கொண்டிருந்தது. எந்த வைஃபையில் திறந்தாலும் அதே பட்டியல்தான் வந்தது, கறுப்புப் பெட்டி மட்டும் இரண்டு வீட்டுக்கும் பொது போல.

அந்தத் திருப்பத்தில் ஒருத்திதான் தப்பித்தாள். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். இப்படித்தான் எனக்குப் புரிந்தது. வேறு எப்படியாவது புரிந்துகொள்ள யாருக்காவது தெரிந்தால் எனக்குச் சொல்லட்டும்.

என் வீட்டுக்காரர் வந்ததும் போனைக் காட்டினேன். அவர் பார்த்தார். அதற்குள் அந்த வீட்டு இவரும் திரையில் வந்திருந்தார். தாடியும் பட்டன் போன சட்டையுமாக, குட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் ஊட்டப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வீட்டில் வெந்நீர் வைக்கத் தெரியாத மனுஷன், அங்கே சமைத்து ஊட்டுகிறார். என் பக்கத்தில் நின்றவர் முகம் வெளுத்துவிட்டது. போனை என் கையிலிருந்து வாங்கி மேஜையில் குப்புற வைத்தார்.

"இனிமே இதை எனக்குக் காட்டாத," என்றார். சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் நான் பார்த்தேன். சத்தமில்லாமல், திருடி மாதிரி. வெள்ளைப் பெட்டிக்குள் இருப்பவளுக்குக் கறுப்புப் பெட்டியில் இருப்பதெல்லாம் தெரியும். கறுப்புப் பெட்டியில் இருப்பவர்களுக்கு அவள் தெரிய மாட்டாள். ரவுட்டரின் வேலையே அதுதான், நானே ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அதனால் குட்டிக்கு என்னைத் தெரியாது என்று தைரியமாக இருந்தேன். யாராவது பார்த்தால் கேமராவில் ஒரு பச்சை விளக்கு எரியும் என்பதை மறந்தே போனேன்.

ஒருநாள் அவள் கதவைத் திறந்து உள்ளே வந்தாள், பையை எறிந்தாள், ஷூவைக் கழற்றி உதைத்தாள். நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள். அலமாரிக்குப் பக்கத்தில் வந்து விளக்கை உற்றுப் பார்த்தாள். முகம் திரை முழுக்க வந்தது. பிறகு இரண்டடி பின்னால் போய், மெதுவாகக் கையைத் தூக்கி, பழையபடி ஆட்டினாள்.

பேசும் பட்டனை என் விரல் அழுத்திவிட்டது. எத்தனையோ சொல்லியிருக்கலாம். வாயிலிருந்து வந்தது இதுதான்.

"ஷூவை ஒழுங்கா வை குட்டி."

அவள் போய் ஷூவை ஜோடியாக வைத்தாள். வைத்துவிட்டுத்தான் அவளுக்கு உறைத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா? எங்கம்மா இருக்க?"

"ரூம்லதான்டி. என் மேஜையில."

திரையை விட்டு ஓடினாள். கதவு திறக்கும் சத்தம் போனில் கேட்டது. நான் நாற்காலியைத் திருப்பி என் அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை. "அம்மா", "அம்மா" என்று போனுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. அவள் என்னைத் தாண்டித்தான் நடக்கிறாள், என் நாற்காலியைத்தான் தொடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. கையை நீட்டினேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. முழங்கை வரை குளிர்ந்துபோனது.

திரும்பி வந்தவள், "அங்க நீ இல்லியே," என்றாள். "உன் நாற்காலி மேல அப்பா துணியை மலை மாதிரி போட்டு வெச்சிருக்காரு."

"அவருக்கு மடிக்கத் தெரிஞ்சாத்தானே," என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே அழுதோம்.

பிறகு சாயங்காலம் வந்தால் எங்களுக்குப் பேச்சுத்தான். அவள் கணக்குப் போடுவாள், நான் தப்பைச் சொல்வேன். சாப்பிடு என்றால் என் எதிரில் தட்டை வழித்துச் சாப்பிடுவாள். நான் சந்தோஷமாக இருந்தேன். வெட்கமில்லாமல் சந்தோஷமாக இருந்தேன். வாடிக்கையாளர்களிடம் தேனாகப் பேசினேன். டீம் லீடர் என்னை எல்லார் எதிரிலும் பாராட்டித் தள்ளினார். என் வீட்டுக்காரர் மட்டும் நான் முணுமுணுக்கும் பாட்டைக் கேட்டுக்கொண்டு, ஒன்றும் கேட்காமல், சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்.

முதலில் அவள் தோழிகளோடு விளையாடப் போவதை விட்டாள். ஏன் என்று கேட்டேன், "நான் இல்லாதப்ப நீ வந்துட்டுப் போயிடுவ" என்றாள். எனக்கு உள்ளுக்குள் இனித்தது, அதனால் அதட்டவில்லை. அப்புறம் பள்ளிச் சட்டையை நான் பார்க்கவே இல்லை. எப்போது திறந்தாலும் அலமாரிக்கு எதிரே தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பச்சை விளக்கு எரிந்ததும் அந்த முகம் மலர்வதைப் பார்ப்பதற்காகவே நான் மதியத்திலும் திறக்க ஆரம்பித்தேன். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. நான் சொன்னால்தான் சாப்பிடுவாள், வேறு யார் சொன்னாலும் மாட்டாள்.

அந்த வீட்டு இவர் ஒருநாள் அவள் பக்கத்தில் மண்டியிட்டுக் கெஞ்சினார். "வாடா செல்லம், வெளில போலாம். கொஞ்ச நேரம்."

"ஷ்ஷ்," என்றாள் குட்டி. "அம்மா வர நேரம்."

அவர் நிமிர்ந்து கேமராவைப் பார்த்தார். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் கண்ணில் இருந்தது கோபமில்லை, பயம். நான் கட்டிய புருஷன் என்னைப் பார்த்துப் பயந்தார். துண்டை எடுத்துக் கேமரா மேல் போட்டார். இருட்டானது. குட்டி போட்ட கூச்சலில் மறுபடி எடுத்துவிட்டார். எனக்கு அவர் மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. அவள் என்னுடையவள், நடுவில் இந்த மனுஷன் யார் என்று கூடத் தோன்றியது.

மறுநாள் மதியம் திறந்தபோது குட்டி காலில் ஷூ போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டில் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

"அம்மா, ஒண்ணு கேக்கவா?"

"கேளு."

"நீ அந்தப் பக்கம் எப்படிப் போன? அதே மாதிரி நானும் வந்துட்டா உன் கூடவே இருக்கலாம்ல? காலைல அந்தத் திருப்பத்துக்குப் போய்ப் பார்த்தேன். இப்பவும் லாரி வருது."

'வா' என்ற சொல் என் நாக்கு நுனி வரை வந்தது. மறைக்க விரும்பவில்லை, வந்தது. ஒரே ஒரு சொல். சொன்னால் போய்விடுவாள், என்னிடம் வந்துவிடுவாள் என்று எனக்குள் ஏதோ ஒன்று வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது. அதைப் பார்த்துத்தான் அந்த மனுஷன் பயந்திருக்கிறார். அந்த வீட்டில் பேய் நான்தான்.

"குட்டி," என்றேன். "நல்லா கேளு. அங்க போனா என்கிட்ட வர முடியாது. நான் அந்த வழியில இல்ல. புரியுதா? எங்கயும் வந்து சேரமாட்ட. அப்பா எங்க?"

"மாடில. துணி காயப் போடறாரு."

"கூப்பிடு. இப்பவே. நான் பார்த்துட்டே இருக்கேன்."

அவர் ஈரக் கையோடு வந்தார். விளக்கைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

"ஏங்க," என்றேன். "நான்தான். பயப்படாதீங்க. இவ காலைல அந்தத் திருப்பத்துக்குப் போயிருக்கா. என்கிட்ட வரணும்னு போயிருக்கா. இவளைத் தனியா விடாதீங்க. யார்கிட்டயாவது கூட்டிட்டுப் போய்ப் பேச வைங்க, ஒரு டாக்டர்கிட்ட. பள்ளிக்கூடத்துக்கு நீங்களே கொண்டுபோய் விடுங்க, நீங்களே கூட்டிட்டு வாங்க."

அவர் தரையில் உட்கார்ந்து அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். அவ்வளவு பெரிய பெண்ணை, கால் மடக்கி, அணைத்துப் பிடித்துக்கொண்டார். "சரி," என்றார்.

நானே ஒயரைப் பிடுங்கிவிடலாம். பிடுங்கினால் சாயங்காலமே திரும்ப மாட்டிவிடுவேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா? கதவை அந்தப் பக்கத்திலிருந்துதான் பூட்ட வேண்டும். சாவி, அந்தப் பாஸ்வேர்டு, குட்டியிடம்தான் இருந்தது.

"டேப்பை எடு," என்றேன். "பெட்டியோட பக்கத்துக்குப் போ. யார் யார் சேர்ந்திருக்காங்கன்னு ஒரு பட்டியல் வரும்."

"எனக்கே தெரியும்மா." மூக்கை உறிஞ்சிக்கொண்டு எடுத்தாள். "வந்துடுச்சு."

"பேரில்லாம ஒண்ணு இருக்கா?"

"இருக்கு." விரலால் அதைத் தொட்டுப் பார்த்தாள். "இதுதான் நீயா?"

"நான்தான்."

"இவ்ளோ நாளா இங்கயே இருந்தியா?"

"ஆமா. அதை அழுத்தினா, தடுக்கவான்னு கேக்கும்."

"நான் மாட்டேன்." டேப்பை மார்போடு சேர்த்துக்கொண்டாள். "தடுத்தா நீ போயிடுவ."

நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களிடம் பொறுமையாகப் பேசுகிற குரல் எனக்குண்டு. அதைத் தேடிப் பிடித்தேன்.

"நான் இருந்தா நீ வளரமாட்ட குட்டி. என் எதிர்ல உக்காந்துட்டே இருப்ப. எனக்கு நீ வளரணும். கிழவியாகணும். ஷூவை எங்கயாவது கழட்டிப் போடு, நான் கேக்க மாட்டேன். தடுத்துடு."

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் அவள் உச்சந்தலையில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடியிருந்தார். அவள் எதையோ தட்ட ஆரம்பித்தாள். தடுப்பதற்கு இவ்வளவு தட்ட வேண்டியதில்லை.

"என்னடி பண்ற?"

"இரும்மா. ஒரு நிமிஷம்." தட்டி முடித்து, ஒருமுறை படித்துப் பார்த்தாள். பிறகு கேமராவை நிமிர்ந்து பார்த்தாள். "அம்மா, நான் உன்னைப் பார்க்கவே இல்லியே."

"நான் பார்த்தேன்," என்றேன். "நான் உன்னை நல்லா பார்த்துட்டேன். அழுத்து."

படம் நின்றது. அவள் வாய் பாதி திறந்தபடி நின்றது. பிறகு அதுவும் போய்விட்டது. கம்ப்யூட்டரில் நெட் இல்லை என்று வந்தது. ஹெட்செட்டில் காத்திருந்த யாரோ ஒருவர் துண்டிக்கப்பட்டார்.

நான் எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியவில்லை. என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்து அறை வாசலில் நின்றபோதும் அப்படியேதான் இருந்தேன். என்ன ஆயிற்று என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். போனைக் கறுப்புப் பெட்டியின் வைஃபைக்கு மாற்றி, பட்டியலைத் திறந்து அவரிடம் நீட்டினேன். இந்தத் தடவை அவர் குப்புற வைக்கவில்லை. அப்பா போன், ஹால் கேமரா, குட்டி டேப். கடைசியில், பெயரில்லாமல் இருந்த இடத்தில், 'அம்மா' என்று இருந்தது. பக்கத்தில் சிவப்பில், தடுக்கப்பட்டது.

அவர் அதை வெகுநேரம் பார்த்தார். எழுந்து போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு ஊக்கு இருந்தது. அதை நீட்டி நிமிர்த்தியிருந்தார்.

"கறுப்புப் பெட்டிக்குப் பின்னால சின்னதா ஒரு ஓட்டை இருக்கும்ல," என்றார். "போன்ல எல்லாருக்கும் சொல்லுவியே. குத்திப் பிடிச்சா எல்லாம் முதல்ல இருந்த மாதிரி ஆயிடுமா?"

"ஆயிடும்."

"தடுத்ததும் போயிடுமா?"

"போயிடும். அவ வெச்சது எல்லாமே போயிடும்."

"ஒரே ஒரு தடவை," என்றார். ஊக்கை விரல்களுக்குள் இறுக்கிக்கொண்டார். "நீ தினம் பார்த்த. நான் அவளைச் சரியாப் பார்க்கவே இல்லடி."

நான் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஊக்கை எடுத்தேன். எனக்கும் அதே ஆசைதான், அவரைவிட அதிகம்தான். போனை மறுபடி அவர் கையில் வைத்து, அந்த ஒரு சொல்லின் மேல் அவர் விரலைக் கொண்டுபோய் வைத்தேன்.

"இது அவ எனக்கு வெச்ச பேருங்க," என்றேன். "அழிக்க வேணாம்."